தனிப் பியானோவுக்கு ஒரு சிறு மசூர்க்கா எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியானோவில் இரண்டு கையும் சேர்த்து ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர், சொந்தமாக ஒரு சிறு நடன உருப்படி எழுத ஆசைப்பட்டால் மசூர்க்காவில் தொடங்கலாம். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். விரல் வேகம் பெரிதாகத் தேவையில்லை. இவ்வளவு சிறிய இடத்தில் ஏக்கத்தையும் துள்ளலையும் ஒன்றாக அடைத்துவைக்கும் வடிவம் பியானோ இசையில் அபூர்வம். கீழே வரும் பதில்கள் ஒரே உருப்படியை, ஏ மைனரில், முதல் பாரிலிருந்து கடைசி பார் வரை கட்டிக்கொண்டு போகின்றன. பியானோ முன்னால் உட்கார்ந்து, வாசித்துப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

அளவுகளுக்கு லண்டன் தேர்வுப் பாடங்களில் வரும் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். குரோச்செட் ஒரு பீட், குவேவர் அரை, செமிகுவேவர் கால், மினிம் இரண்டு. புள்ளி வைத்த குவேவர் முக்கால் பீட்.

மசூர்க்கா என்றால் என்ன? வால்ட்ஸும் மூன்று பீட்தானே?

இரண்டும் மூன்று பீட்தான். எடை விழும் இடம் வேறு. வால்ட்ஸில் முதல் பீட் தரையில் இறங்கும், மற்ற இரண்டும் அதைச் சுற்றி மிதக்கும். மசூர்க்காவில் முதல் பீட் ஓடிவந்து நழுவிவிடும். இரண்டாம் பீட்டிலோ மூன்றாம் பீட்டிலோ கால் ஊன்றும். நடனத்தில் குதிகாலைத் தட்டுவதும் தரையை மிதிப்பதும் இப்படித் தள்ளி விழும் அழுத்தத்தோடு சேர்ந்தவை.

இது போலந்து நாட்டு மக்களின் நடனம். பெயர் மசோவியா என்ற பகுதியிலிருந்து வந்தது. வார்சா நகரம் இருப்பது அங்கேதான். போலிஷ் மொழிச் சொற்களில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். அந்த மொழியில் பாடிய பாட்டுகளோடு வளர்ந்த தாளம் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், வாக்கியம் ஏன் இரண்டாம் பீட்டில் முடிகிறது என்பது காதுக்குச் சட்டென்று பிடிபடும். 1797இல் எழுதப்பட்டு இன்று போலந்தின் தேசிய கீதமாக இருக்கும் பாடலும் மசூர்க்கா தாளத்தில்தான் நடக்கிறது.

1810இல் பிறந்த போலந்து இசையமைப்பாளர் ஷோபன், பதின்ம வயதிலிருந்து 1849இல் இறக்கும்வரை மசூர்க்கா எழுதிக்கொண்டே இருந்தார். ஐம்பதுக்கு மேல் உள்ளன. 1830 நவம்பரில் வார்சாவை விட்டுக் கிளம்பிய அவர் பிறகு போலந்துக்குத் திரும்பவில்லை. கிராமத்து ஆட்டம் பியானோவில் உட்கார்ந்து கேட்கும் கவிதையாக மாறியது பெரும்பாலும் அவர் கையில்தான்.

எந்த வகை மசூர்க்கா எழுதுவது?

போலந்தில் மூன்று நடனங்கள் இந்தப் பெயருக்குள் கலந்திருக்கின்றன. மசூர் கம்பீரமானது, நடுத்தர வேகம், புள்ளி வைத்த தாளம் நிறைய. ஒபெரெக் சுழன்று ஆடும் வேகமான நடனம்; அதன் பெயரே சுழலுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குயாவியாக், குயாவி என்ற பகுதியிலிருந்து வந்த மெதுவான ஏக்க நடனம்.

உணர்ச்சி வெளிப்பட வேண்டும் என்றால் முதல் முயற்சிக்குக் குயாவியாக் நடையே நல்லது. எழுதத் தொடங்கும்போது மெட்ரோனோமில் குரோச்செட் 110 முதல் 126 வரை வையுங்கள். மசூருக்கு 140இலிருந்து 160. ஒபெரெக் 170ஐத் தாண்டும். அங்கே இடது கைத் தாவல்களே ஒரு தனிப் பயிற்சியாகிவிடும் என்பதால் பிறகு வாருங்கள்.

எவ்வளவு நீளம்? எத்தனை பகுதி?

எட்டு எட்டு பாராக யோசியுங்கள். நம் உருப்படியின் கட்டமைப்பு இது: முதல் பகுதி 8 பார், இரு முறை. இரண்டாம் பகுதி 8 பார். முதல் பகுதி மறுபடி 8. நடுப்பகுதி 8 பார், இரு முறை. முதல் பகுதி கடைசியாக 8. முடிவுரை 4. கேட்பவருக்கு மொத்தம் 60 பார், அதாவது 180 பீட். மெட்ரோனோம் 120இல் ஒன்றரை நிமிடம். தாமதங்களைச் சேர்த்தால் இன்னும் பத்துப் பதினைந்து வினாடி.

கம்போஸ் செய்யப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். அறுபது பாருக்கு அறுபது புது யோசனை தேடுவார்கள். மேலே உள்ள கணக்கில் உண்மையில் புதிதாக யோசிக்க வேண்டியது 28 பார்தான். அதிலும் முதல் எட்டில் ஐந்தாம், ஆறாம் பார்கள் ஒன்றும் இரண்டும் திரும்ப வருவதுதான். மசூர்க்கா திரும்பத் திரும்ப வரும் கலை. ஷோபனின் ஓபஸ் 7இல் (ஓபஸ் என்பது வெளியீட்டு எண்) ஐந்தாவது மசூர்க்காவில் முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்.

முதலில் மெலடியா, கார்டா, தாளமா?

தாளம். சந்தேகமே வேண்டாம்.

பியானோவை மூடிவைத்துவிட்டு மேசையில் தட்டுங்கள். இடது கை மூன்று பீட்டையும் சமமாகத் தட்டட்டும். வலது கை, முதல் பீட்டை இரண்டாகப் பிரித்து "தக", பிறகு "தா", "தா". இதுதான் மசூர்க்காவின் அடிப்படை அணு: இரண்டு குறில், இரண்டு நெடில். அந்தத் "தக"வைச் சமமாக இல்லாமல் முக்காலும் காலுமாக, "தா..க" என்று நொண்டவைத்தால் புள்ளி வைத்த வடிவம். இனி இரண்டாம் பீட்டில் உரக்கத் தட்டுங்கள். நான்கு பார் ஆனதும் மூன்றாம் பீட்டுக்கு மாற்றுங்கள். இப்படிப் பத்து நிமிடம் தட்டி, உடம்பு தானாக முன்னும் பின்னும் சாயும் நிலை வந்த பிறகு பியானோவைத் திறங்கள்.

தாளம் இல்லாமல் மெலடியை எழுதிவிட்டுப் பிறகு அழுத்தக் குறிகளைத் தூவினால், குறிகள் தாளில் இருக்கும், காதில் விழாது.

முதல் எட்டு பாரை உதாரணத்தோடு காட்ட முடியுமா?

வலது கை, நடு 'சி'க்கு மேலே இரண்டாவது 'இ'யில் தொடங்குகிறது.

பார் 1: முதல் பீட்டில் புள்ளி வைத்த குவேவர் 'இ', செமிகுவேவர் 'எஃப்'. இரண்டாம் பீட் 'இ', அழுத்தத்தோடு. மூன்றாம் பீட்டில் இறங்கி 'சி'. கார்ட் ஏ மைனர்.

பார் 2: அதே நொண்டித் தாளத்தில் 'டி', 'சி', பிறகு இரண்டாம் பீட்டில் 'பி' மினிம், அழுத்தத்தோடு. கார்ட் இ செவன்த்.

பார் 3: நொண்டித் தாளத்தில் 'சி', 'டி ஷார்ப்', இரண்டாம் பீட் 'இ', மூன்றாம் பீட்டில் மேலே தாவி 'ஏ', அழுத்தம் இந்த முறை இங்கே. கார்ட் ஏ மைனர்.

பார் 4: முதல் பீட் 'ஜி ஷார்ப்' குரோச்செட், இரண்டாம் பீட்டிலிருந்து 'இ' மினிம். கார்ட் இ செவன்த்.

பார் 5, 6: ஒன்றும் இரண்டும் அப்படியே.

பார் 7: முதல் பீட்டில் 'சி டி சி' மூன்றும் ஒரு டிரிப்லெட், அதாவது ஒரு பீட்டுக்குள் மூன்று சம சுரம்; இரண்டாம் பீட் 'பி'; மூன்றாம் பீட்டில் கீழே விழுந்து, நடு 'சி'யை ஒட்டி மேலே உள்ள 'இ'. கார்ட் இ செவன்த்.

பார் 8: முதல் பீட்டில் குவேவராக 'ஜி ஷார்ப்', 'பி', இன்னும் இ செவன்த் மேலேயே. இரண்டாம் பீட்டில்தான் 'ஏ'வும் ஏ மைனரும். மூன்றாம் பீட் மௌனம்.

எட்டாம் பாரை நன்றாகக் கவனியுங்கள். பாரின் முதல் பீட்டில் வீடு திரும்பியிருந்தால் அது யாரும் எழுதும் முடிவு. ஒரு பீட் தள்ளிப்போட்டு, இரண்டாம் பீட்டில் தரையைத் தொட்டு, உடனே மூச்சை இழுக்கிறது. அந்த மூன்றாம் பீட் மௌனத்தை நிரப்பிவிடாதீர்கள். ஆடுபவர் காலைத் தூக்கும் இடம் அது.

இடது கை வெறும் "பூம்-சக்-சக்" ஆகிவிடுகிறதே?

தொடக்கத்தில் அதுதான் சரியான அடித்தளம். முதல் பீட்டில் பேஸ், மற்ற இரண்டிலும் கார்ட். நம் உருப்படியில் ஏ மைனருக்கு பேஸ், நடு 'சி'க்குக் கீழே இரண்டாவது 'ஏ'. கார்ட், நடு 'சி'யும் அதற்குக் கீழே ஒட்டிய 'ஏ', 'இ' இரண்டும். இ செவன்துக்கு பேஸ், நடு 'சி'க்குக் கீழே இரண்டாவது 'இ'. கார்ட் அதே இடத்தில், 'இ' நகராமல், 'ஏ' அரைக் கட்டை இறங்கி 'ஜி ஷார்ப்', 'சி' ஒரு முழுக் கட்டை ஏறி 'டி'. கை தாவுவதே தெரியாது.

ஆனால் எட்டு பாரும் இதையே அடித்தால் நீங்கள் சொல்லும் சத்தம்தான் வரும். இரண்டு மாற்றம் போதும். இரண்டாம், நான்காம் பாரில் மெலடி இரண்டாம் பீட்டில் நிற்கிறது அல்லவா? அங்கே மூன்றாம் பீட் கார்டை எடுத்துவிடுங்கள். நீண்ட சுரம் தனியாகத் தொங்கும், அழுத்தம் இரட்டிப்பாகும். எட்டாம் பாரில் முதல் பீட்டில் 'இ' பேஸ் மட்டும், இரண்டாம் பீட்டில் 'ஏ' பேஸும் கார்டும் சேர்ந்து, பிறகு ஒன்றுமில்லை.

கார்டுகள் மெலடியை விட எப்போதும் மென்மையாக இருக்க வேண்டும், மெலடியில் அழுத்தம் இருக்கும் பீட்டிலும்கூட. இடது கை பலமாக மிதித்தால் ஏக்கம் போய் அணிவகுப்பு வந்துவிடும்.

அழுத்தம் எப்போதும் இரண்டாம் பீட்டில்தானா?

இல்லை. ஒவ்வொரு பாரிலும் ஒரே இடத்தில் போட்டால் ஐந்தாம் பாரில் காது அதையே முதல் பீட்டாக எடுத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் எழுதியது தள்ளிவைத்த வால்ட்ஸ். அதனால்தான் மூன்றாம் பாரில் அழுத்தம் மூன்றாம் பீட்டுக்கு நகர்ந்தது. நான்கு பாருக்கு ஒரு முறையாவது இடம் மாற்றுங்கள். எங்காவது ஒரு பாரை அழுத்தமே இல்லாமல் விடுங்கள்.

அழுத்தம் என்பது ஓங்கி அடிப்பது மட்டுமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுரத்தை நீட்டலாம். அதற்கு முன்னால் சின்னதாக ஒரு கிரேஸ் நோட் வைக்கலாம். மேலே தாவி வந்து இறங்கலாம். முந்தைய சுரத்தை வெட்டி, நூலளவு மௌனம் விட்டுப் பிறகு வாசிக்கலாம். மூன்றாம் பாரில் 'ஏ'வை ஓங்கவே தேவையில்லை. நான்கு சுரம் தாவி ஏறுவதே எடையைக் கொடுத்துவிடுகிறது. நல்ல மசூர்க்காவில் இந்த வழிகள் மாறி மாறி வரும். அழுத்தக் குறியே போடாமல் அழுத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் மெலடி சரியாக எழுதப்பட்டிருக்கிறது.

ஏ மைனரில் 'டி ஷார்ப்' எங்கிருந்து வந்தது? தப்பு நோட் இல்லையா?

மசூர்க்காவின் மண்வாசனையே அதுதான். போலந்தின் நாட்டார் இசையில் நான்காம் சுரம் அடிக்கடி அரைக் கட்டை உயர்ந்திருக்கும். ஷோபனின் மறைவுக்குப் பிறகு 1855இல் வெளியான ஓபஸ் 68இல், இரண்டாவதாக உள்ள ஏ மைனர் மசூர்க்காவின் மெலடியில் இந்த 'டி ஷார்ப்' திரும்பத் திரும்ப மினுக்கும்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அது பிரதி மத்யமம். ஏ மைனரில் 'டி ஷார்ப்'பும் 'ஜி ஷார்ப்'பும் சேர்ந்தால் கிடைக்கும் சுர வரிசை சிம்மேந்திர மத்யமத்தின் வரிசை. மேஜர் ஸ்கேலில் நான்காம் சுரத்தை உயர்த்தினால் கல்யாணி. வரிசைதான் ஒன்று, ராகத்தின் பிடிகளும் கமகமும் இங்கே கிடையாது. ஆகவே பிடித்த கல்யாணி கீர்த்தனையின் சங்கதியை அப்படியே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். மசூர்க்காவில் அந்த உயர்ந்த நான்கு சட்டென்று தலைகாட்டி ஐந்தாம் சுரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

எச்சரிக்கை ஒன்று: எட்டு பாரில் அதை ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. நம் உருப்படியில் மூன்றாம் பாரில் மட்டும். இரண்டாம் பாரிலும் ஏழாம் பாரிலும் சாதாரண 'டி' இருப்பதால்தான் 'டி ஷார்ப்' வரும்போது நெஞ்சில் தைக்கிறது.

இரண்டாம் பகுதியில் என்ன செய்வது?

வெளிச்சத்துக்கு வாருங்கள்: சி மேஜர். முதல் நான்கு பார் சி, ஜி செவன்த், சி, ஜி செவன்த். தாளத்தில் நொண்டலை எடுத்துவிட்டுச் சமமான குவேவர் வையுங்கள்.

அடுத்த நான்கு பாரில் திரும்பும் பாதை: ஏ செவன்த், டி மைனர், பி செவன்த், இ செவன்த். இந்த நான்கு கார்டுக்குள் ஒரு ஏணி மறைந்திருக்கிறது: 'சி ஷார்ப்', 'டி', 'டி ஷார்ப்', 'இ'. அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏறும் அந்த நான்கு சுரங்களை இடது கைக் கட்டைவிரலில், கார்டின் மேல் சுரமாக வைத்து, கொஞ்சம் வெளியே கேட்கும்படி வாசியுங்கள். மேலே வலது கை பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பதினாறாம் பாரின் இரண்டாம் பீட்டில் ஒரு தாமதக் குறி. அங்கிருந்து முதல் பகுதி திரும்ப வரும்போது அதே மெலடி வேறு ஆளாக வந்து நிற்கும்.

நடுப்பகுதியில் பேஸ் மாறாமல் நிற்பது ஏன்?

கிராமத்துக் குழுவில் பை-ஊதியும் (பேக்பைப்), பாஸி என்று அழைக்கப்படும் பெரிய தந்தி வாத்தியமும் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பியானோவில் அதை இடது கை ஐந்தாம் இடைவெளியாகப் பிடிக்கிறது. நமக்குத் தம்புராவில் பழகிய ச-ப. ஷோபனின் ஓபஸ் 7 முதல் மசூர்க்காவில் ஒரு பகுதி முழுக்க இப்படி நின்ற சுருதி மேல் கிசுகிசுப்பாகப் போகும். ஓபஸ் 68 மூன்றாவதின் நடுப்பகுதியில் நின்ற சுருதியோடு உயர்ந்த நான்காம் சுரமும் சேர்கிறது.

நம் நடுப்பகுதி எஃப் மேஜர். இடது கையில் 'எஃப்', 'சி' இரண்டும் ஒன்றாக, தாழ்ந்த இடத்தில். ஒவ்வொரு பாரிலும் முதல் பீட்டில் மட்டும் தொட்டால் போதும். வலது கையில் 'பி ஃபிளாட்' வரக் கூடாது, வெறும் 'பி'தான். எல்லாம் சமமான குவேவரில் தொடங்கும்:

பார் 1: 'ஏ பி', 'சி' அழுத்தத்தோடு, 'சி'.
பார் 2: 'பி சி', பிறகு 'ஏ' மினிம்.
பார் 3: 'சி டி', 'இ', 'சி'.
பார் 4: 'டி பி', பிறகு 'சி' மினிம்.

ஐந்திலிருந்து ஏழு வரை முதல் மூன்று பாரே ஒரு ஆக்டேவ் மேலே. எட்டாம் பாரில் 'ஜி இ' குவேவர்கள், இரண்டாம் பீட்டில் 'எஃப்', மூன்றாம் பீட் மௌனம்.

இரண்டாம் முறை வாசிக்கும்போது அந்த மௌனத்தில் இடது கை தனியாக, தாழ்ந்த 'இ' ஒன்றைத் தொடட்டும். 'எஃப்'பிலிருந்து அரைக் கட்டை இறங்கியதும் ஏ மைனர் கதவு திறந்துவிடும். தனியாகப் பாலம் எழுதத் தேவையில்லை.

கார்டை மாற்றும் ஆசை இந்த எட்டு பாரில் பலமாக வரும், குறிப்பாக நான்காம் பாரில். அடக்கிக்கொள்ளுங்கள். 'டி'யும் 'பி'யும் நின்ற 'எஃப்'போடு உரசுவதுதான் இங்கே சுவை. சி செவன்த் போட்டுச் சமாதானப்படுத்தினால் பள்ளிப் பாடப் பயிற்சி ஆகிவிடும்.

முதல் பகுதி நான்கு முறை வருகிறதே, சலிக்காதா?

ஒரே மாதிரி வாசித்தால் சலிக்கும். ஒவ்வொரு வருகைக்கும் ஒரே ஒரு மாற்றம் வையுங்கள். இரண்டாம் முறை ஒலியை மட்டும் குறையுங்கள். மூன்றாம் முறை, முதல் பாரின் 'இ எஃப்' நொண்டலை 'இ எஃப் இ' டிரிப்லெட் ஆக்குங்கள். கடைசி முறை ஐந்தாம் பாரை ஆக்டேவ் மேலே கொண்டுபோங்கள், ஆறாம் பாரில் இறங்கிவிடுங்கள். மூன்றையும் ஒரே வருகையில் கொட்டினால் கடைசியில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. இதனால்தான் திரும்பும் குறி போட்டுச் சுருக்காமல், மூன்றாம் நான்காம் வருகைகளை முழுதாகவே எழுதிவிடுவது நல்லது. தாளில் 44 பார் வரும், அவ்வளவுதான்.

தாளத்தை எவ்வளவு இழுக்கலாம்?

தாளத்தைக் கொஞ்சம் நீட்டியும் சுருக்கியும் வாசிப்பதை ரூபாட்டோ என்பார்கள். அது இஷ்டம்போல் தாமதிப்பது அல்ல. இடது கை குழுவை நடத்துபவரைப் போலத் தாளத்தைக் காக்க வேண்டும் என்று ஷோபன் சொல்லிவந்ததாக அவரிடம் படித்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே சமயம், அவர் மசூர்க்கா வாசித்ததைக் கேட்ட சார்லஸ் ஹாலே என்ற பியானோ கலைஞர், பாரின் முதல் சுரத்தில் அவர் தங்கும் நேரத்தில் மூன்று பீட் நான்காகிவிடுகிறது என்று சொல்லி, சத்தமாக நான்கு எண்ணிக் காட்டினாராம். முதலில் மறுத்த ஷோபன் பிறகு சிரித்து, அது அந்த நடனத்தின் தேசியக் குணம் என்றார்.

முதலில் மெட்ரோனோமோடு பிசகாமல் முழு உருப்படியையும் வாசியுங்கள். பிறகு மூன்றே இடத்தில் மட்டும் நீட்டுங்கள்: இரண்டாம் பாரின் 'பி', மூன்றாம் பாரின் 'ஏ', பதினாறாம் பாரின் தாமதம். நீட்டிய நேரத்தை அடுத்த பாரில் கொஞ்சம் நகர்ந்து ஈடுகட்டுங்கள். நடுப்பகுதியில் நீட்டலே வேண்டாம். நின்ற சுருதி சீராக நடந்தால்தான் அது கனவு போல இருக்கும்.

பெடல் எப்போது?

குறைவாக. முதல் பீட்டில் மிதித்து, இரண்டாம் பீட் அழுத்தம் உள்ள பாரில் அது விழும் கணத்திலேயே எடுத்துவிடுங்கள். அழுத்தம் சுத்தமாகத் தெரியும். மற்ற பாரில் மூன்றாம் பீட்டில் எடுங்கள். மூன்றாம் பாரில் 'டி ஷார்ப்'பும் 'இ'யும் ஒரே பெடலில் கலந்தால் சேறாகும். அங்கே இரண்டாம் பீட்டில் புதுப்பியுங்கள். எட்டாம் பாரின் மௌனத்தில் கால் மேலே இருக்க வேண்டும். நடுப்பகுதி மட்டும் விதிவிலக்கு: பாருக்கு ஒரு பெடல் முழுதாக வைக்கலாம், மெலடி உரசுவது அங்கே நமக்கு வேண்டியதே. டிஜிட்டல் பியானோவிலும் இதே கணக்குதான்.

எப்படி முடிப்பது?

பெரிய கார்டு போட்டுக் கைத்தட்டல் கேட்கும் முடிவு இந்த வகைக்குப் பொருந்தாது. ஓபஸ் 17இன் நான்காவது, ஏ மைனர் மசூர்க்கா, தொடக்கத்தில் வந்த நிலையற்ற கார்டுகளுக்கே திரும்பிப்போய், ஏ மைனரில் வந்து நிற்காமலே கரைந்துவிடுகிறது.

நம் நான்கு பார் இப்படி. இடது கையில் இனி 'ஏ', 'இ' மட்டும், நடுவில் 'சி' இல்லாமல். முதல் பாரின் மெலடி ஒரு முறை. அதுவே ஒரு ஆக்டேவ் கீழே இன்னொரு முறை. மூன்றாம் பாரில் 'டி ஷார்ப்' குரோச்செட், இரண்டாம் பீட்டிலிருந்து 'இ' மினிம், மிக மென்மையாக. நான்காம் பாரில் முதல் பீட் மௌனம். இரண்டாம் பீட்டில் இடது கையின் 'ஏ', 'இ' தனியாக. அது மேஜரா மைனரா என்று சொல்ல 'சி' அங்கே இல்லை. வேகத்தைக் கடைசி இரண்டு பாரில் மட்டும் தளர்த்துங்கள். அதற்கு முன்பே தளர்த்தினால் முடிவு எட்டு பாருக்கு முன்பே தெரிந்துவிடும்.

எழுதி முடித்தும் வால்ட்ஸ் போலவே கேட்கிறது. எங்கே சரிசெய்வது?

முதலில் வாக்கிய முடிவுகளைப் பாருங்கள். நான்காம், எட்டாம் பார்கள் முதல் பீட்டில் நீண்ட சுரத்தோடு முடிந்தால், வேறு எதைச் சரிசெய்தாலும் பயனில்லை. அடுத்தது, முதல் பீட்டில் சுரம் அதிகமாகவும் மற்ற பீட்டுகளில் குறைவாகவும் இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் வால்ட்ஸ். மூன்றாவது, உங்கள் இடது கைச் சுண்டுவிரல். பழக்கத்தில் அது பேஸை ஓங்கி அடிக்கும். பேஸைத் தொடாமல் கார்டும் மெலடியும் மட்டும் ஒரு முறை வாசித்து, பிறகு பேஸை நிழல்போலச் சேருங்கள்.

கம்ப்யூட்டரில் எழுதினால் உயிரே இல்லாமல் கேட்கிறது, ஏன்?

மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருள் தாளில் எழுத மிக உதவும். அதன் ஒலியை வைத்து மசூர்க்காவை மதிப்பிடாதீர்கள். நீட்டலும் மூச்சும் அதற்குத் தானாக வராது. கீபோர்டிலிருந்து வாசித்துப் பதிவு செய்தால், குவாண்டைஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அது உங்கள் நொண்டலையும் தாமதத்தையும் கட்டத்துக்குள் தள்ளிச் சமமாக்கிவிடும். பதிவைக் கேட்டு, எந்தப் பாரில் தானாகத் தாமதித்தீர்கள் என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிகளைத் தாளில் ஏற்றுங்கள்.

எதையெல்லாம் கேட்க வேண்டும்?

மேலே சொன்ன ஷோபன் மசூர்க்காக்களோடு தொடங்குங்கள். ஓபஸ் 68இன் இரண்டாவதைச் சில வாரப் பயிற்சியில் நீங்களே வாசித்துவிடலாம். அவருக்கு முன்னால் பியானோவுக்கு மசூர்க்கா எழுதிய மரியா ஷிமானோவ்ஸ்காவைக் கேட்டால், கூடத்தில் ஆட எழுதியதற்கும் கேட்க எழுதியதற்கும் உள்ள தூரம் தெரியும். பிறகு கரோல் ஷிமானோவ்ஸ்கி 1924-25இல் எழுதத் தொடங்கிய ஓபஸ் 50, மொத்தம் இருபது மசூர்க்காக்கள். தெற்குப் போலந்தின் மலைமக்கள் இசையை அவர் இதில் கலந்தார். உரசும் சுரங்களுக்கு இடையிலும் இரண்டாம் பீட்டில் ஊன்றும் கால் அப்படியே இருக்கிறது. இடையில் போலந்துக் கிராமத்து வயலின் குழுக்களின் பதிவுகளையும் கேளுங்கள். பேஸ் எவ்வளவு சொற்பம், வயலின் எவ்வளவு தாராளமாகத் தாளத்தை இழுக்கிறது என்று அங்கேதான் காது கற்கும்.